லிட்டருக்குப் பதினெட்டு

கார் ஓட்டத் தெரியும் என்பதைத் தவிர என் இளமையில் எனக்கு வேறு பெருமை எதுவும் இருந்ததில்லை. எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு வியாபாரியிடம் டிரைவராகச் சேர்ந்தேன். அவரிடம் இருந்தது டீசலில் ஓடும் பழைய பெரிய கார். அது எவ்வளவு குடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி அதை விற்றுவிட்டு, ஏசி வைத்த சின்ன பெட்ரோல் கார் ஒன்றை மதுரையில் போய் வாங்கி வந்தார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

காரோடு வழவழப்பான புத்தகம் ஒன்றும் வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்ட அன்று, சென்னையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை அதைப் புரட்டி, லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கும் என்று வாசித்துக் காட்டினார். முதலாளிக்கு அந்த எண் மனதில் ஒட்டிக்கொண்டது. அவர் தொழில் அப்படி. பஞ்சுப் பொதியின் மேல் எழுதியிருக்கிற எடை உள்ளே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான். காருக்கும் அதே நியாயத்தை வைத்துக்கொண்டார்.

பங்க்கில் டேங்க்கை நிரப்பும்போது கார் மீட்டரில் கிலோமீட்டரைப் பார்ப்பார். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் மனக்கணக்காகவே வகுத்துவிடுவார். முதல் முறை பதிமூன்று வந்தது. இரண்டாம் முறையும் அதே பதிமூன்று வந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வண்டி குடிக்குதா, நீ குடிக்கியா?"

நானும் சிரித்துவைத்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கார் எப்படி ஓடியது என்று எனக்குத்தானே தெரியும். காலையில் பொதி ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரிலேயே குடோன் வரைக்கும் ஊர்ந்து போவோம். ரயில்வே கேட் போட்டிருந்தாலும் ஏசியை அணைக்கக் கூடாது, முதலாளிக்கு வேர்க்கும். சனிக்கிழமைதோறும் வீட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைச் சேவிக்கப் போவார்கள். நாலு பேர் உட்காருகிற வண்டியில் மடியிலும் இடுக்கிலுமாக ஏழு பேர். திரும்பும்போது முதலாளியம்மா பால்கோவா வாங்க இறங்குவார். "ஏசிய அணைச்சிராதப்பா, பிள்ளை தூங்குது. செத்த நேரத்துல வாரேன்" என்பார். அவருடைய செத்த நேரத்தில் ஒரு தூக்கம் போட்டு எழலாம். மாங்காய் சீசனில் செண்பகத்தோப்புப் பக்கமிருந்த அவர்கள் தோப்புக்குக் கல்லிலும் பள்ளத்திலும் முதல் கியரில் போய், டிக்கி மூடாத அளவுக்குச் சாக்குகளோடு வருவோம். பதினெட்டு என்று புத்தகத்தில் எழுதியவன் ஏசியும் மாங்காய்ச் சாக்கும் முதலாளியும் இல்லாமல், ஆள் நடமாட்டம் இல்லாத சமதள ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்திருப்பான். இதை வேறு வார்த்தையில் பணிவாகச் சொன்னேன்.

"அம்புட்டுப் பெரிய கம்பெனிக்காரன் அச்சடிச்சுப் பொய் சொல்லுவானாப்பா?" என்றார்.

கம்பெனியையும் என்னையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று பஞ்சு வியாபாரிக்குத் தெரியாதா?

அந்தக் காலத்தில் டேங்க்கில் டியூப்பை விட்டு உறிஞ்சி விற்கிற டிரைவர்கள் எங்கள் ஊரில் இருக்கத்தான் செய்தார்கள். கோவில் வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும்போது அதை மறைக்காமலேயே பேசிக்கொள்வார்கள். நான் எடுப்பதில்லை என்றேன். "எங்ககிட்ட என்னப்பா மறைப்பு? பங்கா கேக்கப் போறோம்?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் நம்பவில்லை, திருடுகிறவர்களும் நம்பவில்லை. அதன்பின் நான் அந்த நிழலுக்குப் போகவில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள்ளேயே கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

வீட்டிலும் காற்று மாறியது. எப்போதும் என்னிடமே இருக்கும் கார்ச் சாவியைச் சாயங்காலமானால் கணக்குப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போனார். நான் கார் ஷெட்டை ஒட்டிய அறையில் தங்கியிருந்தேன். என் மனைவியும் மகளும் வத்திராயிருப்பில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். முன்பெல்லாம் முதலாளியம்மா எதிரில் பார்த்தால் மகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பார், அது நின்றுபோனது. யாராவது திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்து, யாரும் கேட்காத கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னால் ஆனதை எல்லாம் செய்தேன். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டினேன். முதலாளி கண்ணயர்ந்தால் ஏசியை அணைத்தேன். மாட்டு வண்டி மாதிரிப் போகிறான் என்று முதலாளியம்மா சலித்துக்கொள்ளும் அளவுக்கு மெதுவாகப் போனேன். பதினான்கு வந்தது. அதற்கு மேல் அது ஏறுவேனா என்றது.

அப்போதுதான் வேறு டிரைவர் பார்க்கச் சொல்லி முதலாளி புரோக்கரிடம் சொல்லியிருக்கிறார் என்று காதில் விழுந்தது. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பெட்ரோல் எடுத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால் சேத்தூர் வரைக்கும் எவனும் ஒரு ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டான். எனக்கு அந்தப் பெயர் மட்டும் வந்துவிடக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை, அவர்கள் கோவிலுக்குள் போனதும், என்னைத் தெரியாத ஒரு பங்க்குக்கு நடந்துபோய் கேனில் பெட்ரோல் வாங்கிவந்து டேங்க்கில் ஊற்றினேன். என் சம்பளத்தில்தான். குறைகிறதை நானே போட்டுவிட்டால் புத்தகம் சொன்னது வந்துவிடும், பேச்சு ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ஒரேயடியாக ஏறினால் சந்தேகம் வருமே என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். வாரம் தவறாமல் ஊருக்குப் போய்வந்தவன் மாதத்துக்கு ஒருமுறை போனேன். வெறுங்கையோடு போய் நிற்பதைவிடப் போகாமல் இருப்பது சுலபமாக இருந்தது. "வாரா வாரம் வருவியளே, இப்ப என்ன?" என்று மனைவி கேட்டதற்கு, வண்டி வேலை அதிகம் என்றேன். மகள் என் பக்கத்தில் வரவே யோசித்தாள்.

பதினாறு வந்தது. பிறகு பதினேழு. ஒரு நாள் பங்க்கில் முதலாளி வகுத்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். பதினெட்டு.

அன்று மாலை என்னை உள் கூடத்துக்குக் கூப்பிட்டார். முதலாளியம்மாவும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். ஒரு தட்டில் வேட்டியும் பழமும் வைத்திருந்தார்கள். நம் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

"போனது போகட்டும்ப்பா. மனுஷனுக்குச் சபலம் வரத்தான் செய்யும். நான் சொல்லிக் காட்டாமலே நீயாத் திருந்திட்ட, அது பெரிசு. இனிமே சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"நான் எடுக்கலைங்க முதலாளி. வண்டி பதிமூணு, மிஞ்சினா பதினாலுதான் கொடுக்கு. பத்தாததுக்கு நாந்தான் வாங்கி ஊத்துனேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஊரான் வண்டிக்கு எவனாவது தன் காசுல பெட்ரோல் ஊத்துவானாப்பா? அதான் மன்னிச்சாச்சுல்ல, பொறவென்ன" என்று தட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நீட்டியபடி நிற்கிறாரே, வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்புக்குப் போனேன். வீட்டுப் பின்னால் மனைவி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேன் வாங்கியதைச் சொன்னேன், வராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று சொன்னேன், தட்டை வாங்கிக்கொண்டதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். ஒரு ஆளிடமாவது சொல்லியாயிற்று என்று நெஞ்சு லேசானது.

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எடுக்கலன்னா எதுக்கு ஊத்துனிய?"

குத்திக் காட்டவில்லை. புரியாமல்தான் கேட்டாள். நான் புத்தகத்திலிருந்து தொடங்கி மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்லும்போதே என் காதுக்கே அது ஒரு திருடன் சொல்கிற கதையாகக் கேட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் மறுபடியும் கடலை உரிக்கத் தொடங்கினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, ராஜபாளையம் திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.