மசூலிப்பட்டினத்துக்கு எத்தனை நாள்

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் எங்கள் தோணி மதியத்திலிருந்து நிற்கிறது. மசூலிப்பட்டினத்தில் காய்ச்சலில் கிடக்கும் அண்ணனைப் பார்க்க நான் போகிறேன்.

ஒல்லாந்தர் கோட்டையின் எழுத்தர் முழங்கால் தண்ணீரில் கடவுச்சீட்டோடு நிற்கிறார். ஊர், சரக்கு, ஆட்கள் எல்லாம் எழுதியாயிற்று. போய்ச் சேர எத்தனை நாள் என்ற இடம் மட்டும் காலி. அது நிரம்பாமல் முத்திரை விழாதாம்.

"சும்மா ஒண்ணு சொல்லேன், தண்டலே."

தோணியை ஓட்டும் தண்டல் பாய்மரக் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கடல்ல எறங்கப்போறவன் நாள் சொல்ல மாட்டான். எங்க வாப்பா சொன்னதில்ல. நானும் சொல்ல மாட்டேன்."

காலையில் நானும் இதையே கேட்டுவிட்டேன். கேட்ட தோஷம் கழிய, தண்டல் என்னை இறக்கிவிட்டு, கரைவரை போய்த் திரும்பி வந்து ஏறச் சொன்னார்.

எழுத்தர் பொறுமையிழந்து தானே 'நான்கு' என்று எழுதுகிறார். தண்டல் பாயைச் சுருட்டிக் கட்டுகிறார். சுக்கானைக் கழற்றி அவரிடம் நீட்டுகிறார்.

"எழுதினவரே ஓட்டிக்கினு போங்க. நாலு நாளுல இவர அண்ணங்கிட்ட சேத்துடுங்க."

அவசரக்காரனான நான் தன் பக்கம் பேசுவேன் என்று எழுத்தர் என்னைப் பார்க்கிறார். நான் மூட்டையைத் தலைக்கு வைத்துப் பலகையில் படுத்துக்கொள்கிறேன்.

வெயில் தாழும்போது அவர் நான்கை அடித்துவிட்டு, இடத்தைக் காலியாகவே விட்டு முத்திரை குத்துகிறார். சீட்டை நீட்டுகிறார். தண்டல் கையை நீட்டவில்லை.

"நாள் கேட்டுட்டீங்க இல்ல? கரை வரிக்கும் போய்ட்டு வந்து குடுங்க."

எழுத்தர் தோணியைப் பார்க்கிறார், கோட்டையைப் பார்க்கிறார். பிறகு சீட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி நடக்கிறார்.