ஸ்டியரிங் போட்ட ஓட்டு

டிப்போவில் அவருக்குப் பெயர் 'ஸ்டியரிங்'. பேருந்து ஓட்டுவதில் கில்லாடி. குறுகலான சந்தில் அவர் வண்டியைத் திருப்பினால், அவசரமாகப் போகிறவர்கூட நின்று பார்ப்பார். நன்றாக ஓட்டுகிறவர் டிப்போவையும் நன்றாக ஓட்டுவார் என்று மேலிடம் கணக்குப் போட்டு, அவரை மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்தது. மேலிடத்துக் கணக்கெல்லாம் இந்த லட்சணம்தான். ஆறு மாதம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் பழையபடி வண்டிக்கே போக வேண்டும். டிப்போவே சிரிக்குமே என்ற கவலையில் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார்.

இரண்டாவது வாரமே கோட்டை விட்டார். மழை கொட்டிய ஒரு காலையில் ஓட்டுநர் ஒருவர் வரவில்லை. மாற்று ஆளைத் தேடுவதுதான் மேலாளர் வேலை. இவருக்கோ கை துறுதுறுத்தது. தானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பழக்கதோஷம், வேறென்ன? அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் மேல் இன்னொரு பேருந்து படுத்துவிட்டது. அதன் கண்டக்டர் டிப்போவுக்குப் போன் மேல் போன் போட்டார். எடுக்க ஆளில்லை. பயணிகள் தொப்பலாக நனைந்து நின்றார்கள். டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஸ்டியரிங் நாற்காலியை விட்டு அசையவில்லை. தட்டுத் தடுமாறி வேலையைக் கற்றுக்கொண்டார். ஆறாம் மாதம் மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, "நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

அந்த வாரம்தான் நாட்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ஒருவர் மாகாணத்தை ஆண்டு பார்த்தவர். பிரமாதமாக எதையும் கிழிக்கவில்லை, கவிழ்க்கவும் இல்லை. இன்னொருவர் டாக்டர், தங்கமான மனிதர், ஆனால் ஒரு ஆஸ்பத்திரியைக்கூட நிர்வாகம் செய்ததில்லை. ஸ்டியரிங்கின் மனைவி டாக்டர் பக்கம்.

"அனுபவம் அனுபவம்னு என்னத்தக் கண்டோம்? உங்களுக்கு மட்டும் என்ன அனுபவம் இருந்துச்சு? இப்ப நல்லாத்தானே பாக்குறீங்க?" என்று வாரம் முழுக்க விடாமல் கேட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார்.

ஓட்டுப் போட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

"டாக்டருக்குத்தானே போட்டீங்க?"

"இல்ல."

அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "உங்கள மாதிரி புதுசா வர்ற ஆளு. அவருக்கு நீங்களே போடலைன்னா வேற யாருங்க போடுவா?"

"என்னை மாதிரிங்கறதாலதான் போடல" என்றார் ஸ்டியரிங். "நான் கத்துக்கிட்டேன், வாஸ்தவம்தான். ஆனா கத்துக்கிற வரைக்கும் மழையில நின்னது நான் இல்லையே."