மூட்டத்தில் சொன்ன பேர்

கோகிலாவைப் பயந்தாங்கொள்ளி என்று கொல்லிமலையின் தேவனூர் நாட்டு ஊர்களில் எவரும் சொல்லிவிட முடியாது. மரவள்ளிக் காட்டைக் கிளற வந்த பன்றியைக் களைக்கொத்தோடு விரட்டியவள். மிளகு பறிக்க ஏணி போட்டு அவள் ஏறினால் கீழே நிற்கிற ஆம்பிளைகளுக்குத்தான் கால் கூசும். ஆனால் புருசன் பைக்கை உதைத்துக் கிளப்புகிற சத்தம் கேட்டால் போதும், அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அதுவும் மழைக்காலமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

புருசன் வேல்முருகனுக்கு மிளகும் தினையும் போக இன்னொரு வேலை உண்டு. சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பெரிய பைக்குகளில் வருகிறவர்களுக்கு முன்னால், தன் பழைய வண்டியில் போய் வழி காட்டுவான். கொண்டை ஊசி வளைவெல்லாம் அவர்களுக்குச் சலித்துவிட்டதாம். தார் ரோடு இல்லாத தடமாகப் பார்த்து மூன்று நாள், நான்கு நாள் மலையைச் சுற்ற வேண்டுமாம். ஆலத்தூர் நாட்டில் ஓர் இரவு, வேறெங்காவது ஓர் இரவு, கடைசியில் முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கி டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் சொகுசாகப் படுத்துக் கிடக்க வேண்டியவர்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கோகிலா கேட்காத நாளில்லை.

போன ஐப்பசியில் அவள் பயந்தது நடந்தே விட்டது. பனிமூட்டத்தில் ஒருவர் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டார். அவருடைய போனில் இருந்த மேப் ஒரு தடத்தைக் காட்டியது. தடம் பள்ளத்தில் போய் முடிந்தது. கால் எலும்பு முறிந்து கிடந்தவரைத் தேடிப் போன வேல்முருகன் மறுநாள் உச்சிப்பொழுதுக்குத்தான் வீடு திரும்பினான். போனுக்கு டவர் இல்லை, ஒரு தகவலும் இல்லை. வந்தவனைக் கோகிலா திட்டவுமில்லை, அழவுமில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டாள். வெகு நேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ராசிபுரத்து இளங்கோ இரண்டு கருவிகளோடு வந்தான். பைக்கில் வருகிற கூட்டத்தைச் சேர்த்துக் கூட்டிவருகிறவன் அவன்.

"அண்ணா, டவரே வேண்டாம். நேரா வானத்துல இருக்கற சாட்டிலைட்டைப் பாத்து நாம நிக்கிற எடத்தைச் சொல்லிரும். ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணை எடுத்துக்குங்க. சனிக்கிழமை கிளம்பும்போது அது உங்க கையில இருக்கோணும். இல்லாட்டி இந்த மழையில நான் ஆளைக் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றான்.

ஒன்று பெரியது. கண்ணாடி மாதிரி பளபளவென்று, விரலால் தொட்டால் மலை முழுவதும் கலர் கலராக விரிந்தது. இன்னொன்று சின்னது, தடியானது, நெஞ்சில் நாலைந்து பட்டன்கள். பார்க்க லட்சணமே இல்லை. வேல்முருகன் இரண்டையும் ஏற இறங்கப் பார்த்தான். மலையில் பிறந்தவனுக்கு வழி சொல்ல ஒரு டப்பாவா என்கிற கடுப்பு அவன் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

"பெருசே இருக்கட்டும் தம்பி. ஏதோ ஒண்ணு" என்றான்.

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, சேலையா எடுக்கறீங்க, ஏதோ ஒண்ணுங்கறதுக்கு? தம்பி, இதுகளுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?"

"பெருசை வயர்ல போட்டுச் சார்ஜ் ஏத்தோணுங்க்கா. சின்னதுக்குப் பென் டார்ச் செல் ரெண்டு போதும்."

மழை பிடித்தால் மலையில் கரண்ட் எத்தனை நாளைக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். பென் டார்ச் செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சின்னதின் மேல் அவளுக்கு ஒரு கண் விழுந்தது. இளங்கோ அதில் ஒரு பட்டனைக் காட்டினான். ஓரிடத்தில் நின்று அதை அழுத்திவிட்டால் அந்த இடத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். எங்கே போனாலும் அம்புக்குறி அந்தப் பக்கமே திரும்பும். "ஆனா நின்னுட்டே பாத்தா அம்பு தடுமாறுமுங்க. நாலு எட்டு நடந்தாத்தான் சரியாக் காட்டும்" என்றான்.

மறுநாள் காலை, வேல்முருகன் சோதித்துப் பார்க்கக் கிளம்பியபோது கோகிலா சேலைக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, மூட்டத்தைப் பற்றியது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு தரம் கூப்பிடுகிற குரலுக்கு மலையில் யாரும் பதில் கொடுக்க மாட்டார்கள். மனுசக் குரலாக இருந்தால் மூன்று தரம் கூப்பிடும். மற்றது ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்ளும். மற்றது என்றால் எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்று, கோகிலா புருசன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து 'ஏனுங்க'தான். ஒருமுறை மருத்துவ முகாமில் நர்சம்மா புருசன் பேரைக் கேட்டபோது, சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் கையைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நர்சம்மா 'தண்டபாணி' என்று எழுதிக்கொண்டார். கோகிலாவின் சீட்டில் இன்றைக்கும் அவள் தண்டபாணியின் மனைவிதான்.

இருவரும் போன தடம், சனிக்கிழமைக் கூட்டம் இரண்டாம் நாள் போக வேண்டியது. ஒரு பக்கம் சில்வர் ஓக் மரங்கள், மறுபக்கம் கொஞ்ச தூரம் புல், அதற்கப்புறம் பெரும்பள்ளம். கிளம்பும்போது வெயில் சுள்ளென்று இருந்தது. பாதித் தூரம் போனதும் தடத்தின் குறுக்கே மரம் விழுந்து கிடந்தது.

"இங்கயே நில்லு புள்ள. சுத்திப் போக வழி இருக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று வேல்முருகன் இறங்கினான். பழக்கதோசத்தில் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க, அந்தப் பட்டனை அமுக்குனீங்களா?"

"இந்தா இருக்கற மரத்தைப் பாக்கறதுக்குமா?"

"அமுக்குங்க."

தலையிலடித்துக்கொண்டு சின்னதை எடுத்து அமுக்கினான். பெரியதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் முதுகு மறைந்த கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மூட்டம் ஏறி வந்தது. முதலில் புல் காணாமல் போனது, பிறகு விழுந்து கிடந்த மரம், பிறகு பைக்கின் முன் சக்கரம். கோகிலா ஹாரனை அமுக்கினாள். சத்தமே வரவில்லை. சாவி இல்லாத வண்டியில் எங்கிருந்து சத்தம் வரும்? கையிலிருந்த பெரிய கருவியைப் பார்த்தாள். கண்ணாடியில் சாரல் சொட்டுச் சொட்டாக விழ, ஒவ்வொரு சொட்டையும் அது விரல் என்று நினைத்துக்கொண்டது. மலை போய்ச் சேலம் வந்தது, சேலம் போய் மெட்ராஸ் வந்தது, அப்புறம் வெறும் நீலமாகக் கடல். முந்தானையால் துடைத்தாள். முந்தானையும் ஈரம். கொல்லிமலையில் நின்றுகொண்டு கையில் கடலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க!"

பதில் இல்லை. மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அடுத்த கூப்பாடு வாயில் வரவில்லை. பள்ளம் எந்தப் பக்கம் என்றே இப்போது புரியவில்லை. போன ஐப்பசியில் அடுப்படியில் உட்கார்ந்து நினைத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சுக்குள் வந்து நின்றது. அவன் விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமா, இந்த மூட்டம் அதையும் விழுங்கியிருக்குமா?

அப்போது அவள் வாயிலிருந்து அது வந்தது. அவள் கூப்பிட்டதாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வேல்முருகா!"

கிட்டத்தில்தான் எங்கோ சரளைக் கல் உருண்டது. உயிர் வந்தது அவளுக்கு. இருக்கிறான்! அடுத்த நொடியே இன்னொரு கல் உருண்டது, இன்னும் தள்ளி. அப்புறம் இன்னும் தள்ளி. காலடி அவளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

கோகிலாவுக்கு விளங்கிவிட்டது. எதையும் ஒரு தரத்துக்கு மேல் சொல்லாத குரல். அதுவும் அவள் ஒருநாளும் சொல்லாத பேரைச் சொன்ன குரல். அது தன் பெண்டாட்டி இல்லை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவள் குரலுக்குப் பயந்துதான் ஓடுகிறான். ஓடுகிற பக்கம் பள்ளமாக இருந்தால்? மறுபடி கூப்பிட்டால் இன்னும் நாலு எட்டு எடுத்துவைப்பான். கூப்பிடாவிட்டால் போகிற போக்கிலேயே போய்விடுவான். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அழுகைச் சத்தம்கூட அவன் காதுக்குப் போய்விடக் கூடாது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளைக் கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. காலடி நின்றது. எதுவுமே கேட்கவில்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு அடியாக, திரும்பி வந்தது. மூட்டத்துக்குள் கறுப்பாக ஓர் உருவம் தெரிந்தது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த சின்ன டப்பா. வேல்முருகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் பாதங்களைத்தான் முதலில் பார்த்தான்.

"காலு தரையிலதான் இருக்குதுங்க" என்றாள் கோகிலா, வாயிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு.

அவன் அப்படியே பைக்கில் சாய்ந்து உட்கார்ந்தான். "நீ ஒருநாளும் என் பேரச் சொன்னதில்லியே புள்ள" என்றான். "உன் கொரலுதான். ஆனா நீ இல்லைன்னு நெனைச்சுட்டேன். சத்தத்துக்கு முதுகைக் காட்டி நடந்தேன். நடக்க நடக்க இந்த அம்பு பின்னாலயே திரும்புது. வண்டி அங்கதான் நிக்குது, அங்கதான் நிக்குதுங்குது. ரெண்டு மனசாத்தான் வந்தேன்."

"நீங்க போன பக்கம்?"

அவன் சட்டைப்பையில் சாவியைத் தேடினான். மூட்டம் விலகியபின் அவளே போய்ப் பார்த்தாள். ஈரப் புல்லில் செருப்புத் தடம் பதிந்திருந்தது. அது நின்ற இடத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். கோகிலா அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் மூட்டத்துக்கும் பள்ளத்துக்கும் பைக்குக்கும் பயந்தாள். அவனைத் தள்ளிவிடப் பார்த்தது தன்னுடைய கூப்பாடு என்பதை எங்கே போய்ச் சொல்வாள்?

சாயங்காலம் இளங்கோ வந்தான். கோகிலா பெரியதை அவனிடம் நீட்டினாள்.

"அக்கா, எல்லாரும் பெருசுதான் நல்லாருக்குன்னு சொல்றாங்க. படம் எவ்வளவு தெளிவு!"

"தெளிவாத்தான் இருக்குது தம்பி. ஆனா சொட்டுத் தண்ணி பட்டா அதுக்குக் கிறுக்குப் புடிச்சுக்குது. சின்னதே போதும்" என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. வேல்முருகனும் சொல்லவில்லை, டப்பாவைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை.

இளங்கோ போனதும் கோகிலா சொன்னாள்: "இனிமே ஊட்டுலயும் உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்புடுவேன்."

"ஊரு சிரிக்கும் புள்ள."

"சிரிக்கட்டும். உங்க காது பழகோணும். அந்தச் செல்லு தீந்துட்டா உங்களுக்கு என் கொரல் மட்டுந்தான் இருக்கும்."

கூழ் குடிக்க வரச்சொன்னாலும் பேர், மாட்டை அவிழ்க்கச் சொன்னாலும் பேர். மாமியார் பெருமாயி பாத்திரத்தை உருட்டித் தன் கோபத்தைக் காட்டினாள். புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் திமிர் ஏறிவிட்டதாகத் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வந்தது. கோகிலா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாள் அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. அவனும் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத்தான் திரும்பினான்.

சனிக்கிழமை காலை வாசலுக்கு வெளியே பெரிய பைக்குகள் உறுமிக்கொண்டு நின்றன. சின்ன டப்பாவைக் கயிறு கட்டி அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள் கோகிலா. மாற்றுச் செல்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். அவனே, யாரும் சொல்லாமல், வாசலில் நின்று பட்டனை அமுக்கினான்.

அவன் வண்டியிடம் போனதும் கோகிலா பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் அவனுக்கு அவள் தெரியமாட்டாள்.

"வேல்முருகா!"

அவன் தலையைத் தூக்கினான். வண்டியைக் கிளப்பாமல் நின்றான்.

"வேல்முருகா!"

பைக்குகள் ஒவ்வொன்றாக உறுமலை நிறுத்தின. வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இளங்கோ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"வேல்முருகா!"

"வாரேன் புள்ள" என்று அவன் மரத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னான். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினான். கோகிலாவுக்கு எப்போதும் போலப் பயம் பிடித்துக்கொண்டது.