வங்காலையில் ஒரு கதிரை

போன கிழமை வங்காலையில் ஒரு கதிரையைப் பார்த்தேன். அதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? முதல் வீட்டில் எனக்கு உட்காரப் போட்ட அதே கதிரை மூன்றாவது வீட்டிலும் இருந்தது – கை உடைந்து, கயிற்றால் கட்டிய கதிரை.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். யாருக்கு என்ன தொழில், தொழில் இல்லாத மாதங்களில் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்து அரசாங்கக் கந்தோருக்கு எழுதுவது. எழுதி எழுதி அலுத்ததுதான் மிச்சம். இந்தத் தடவை கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. சோழகக் காற்றில் வள்ளம் இறக்க முடியாத குடும்பங்களுக்குக் கட்டுக்கரைக் குளக்கட்டில் வேலை தருவார்களாம். கஷ்டப்பட்ட வீடுகளுக்கு மட்டும்.

மூன்றாவது வீடு திரேசம்மாவுடையது. புருஷன் சூசை வாசலில் குந்தியிருந்து கடலைப் பார்த்தபடி இருந்தார். நான் வரும்வரை அடுப்பு அன்றைக்கு எரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தேத்தண்ணீர், பொரித்த முட்டை...

"ஆரின்ர கதிரை இது?" என்று கேட்டேன்.

"கோயில் மூப்பர் வீட்டில இரவல் வாங்கினது. வந்த மனிசரை நிலத்தில இருத்திறதோ, ஐயா?" என்றாள் திரேசம்மா.

பொறுமையாக விளக்கினேன். நான் எழுதியதைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து துரை வருவார். கதிரையையும் முட்டையையும் கண்டால் வேலை கிடைக்காது. உள்ளதை உள்ளபடி காட்டுங்கோ என்றேன்.

"ஓம் ஐயா, விளங்குது. அந்த வேலை வந்தாத்தான் பிள்ளையளுக்குச் சோறு," என்றாள்.

முந்தாநாள் துரை வந்தார். பின்னால் நான். தேத்தண்ணீர் இல்லை, முட்டை இல்லை. அப்பாடா என்று உள்ளே கால் வைத்தால்... நடு வீட்டில் இரண்டு கதிரைகள்!

துரை ஒன்றில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வசதியாகத்தான் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரவல் கதிரை என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சூசையின் பெயரை வெட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"சொன்னனான் எல்லோ, திரேசம்மா?"

"ஓம் ஐயா. துரைக்கு ஒண்டு போடாமல் விடேலுமோ? பிறகு, அவர் இருக்க நீங்கள் நிண்டுகொண்டிருக்கிறதோ எண்டு யோசிச்சன்..." சேலைத் தலைப்பால் அந்த இரண்டாவது கதிரையைத் துடைத்தாள். "இருங்கோ ஐயா. நடந்து களைச்சுப்போனியள்."

இருந்தேன். வேறென்ன செய்ய?