நான்கைவிடச் சிறிய எண்

மகளின் பள்ளியில் கணித விழா. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து எண் விடுகதைக்கு விடை கண்டுபிடிக்கும் போட்டி இருந்தது. வழக்கமாக இதற்கெல்லாம் மனைவிதான் போவாள். அன்று அவளுக்கு எஸ்டேட்டில் லீவு கிடைக்கவில்லை. சோலூரிலிருந்து கேரட் ஏற்றிப்போகும் என் வண்டியை நிறுத்திவிட்டு நான் போனேன்.

டீச்சர் ஓர் அட்டையைக் கொடுத்தார். மகள் வாசித்தாள். "என் ஒன்றாம் இடத்தில் மூன்று. பத்தில் ஒன்றாம் இடத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு. நூறில் ஒன்றாம் இடத்தில் அந்த இரு இலக்கங்களின் கூட்டுத்தொகை. நான் யார்?"

வாசித்த கையோடு கரும்பலகையில் 3.69 என்று எழுதினாள்.

எனக்குப் பதறியது. பத்து, நூறு என்றிருக்கும்போது இவ்வளவு சின்ன எண்ணா?

"ஏங்கண்ணு, தப்பா எழுதறே?"

"இல்லப்பா, பத்தில் ஒன்னு புள்ளிக்கு அந்தப் பக்கம் வரும்."

"சும்மா இரு. அப்பாவுக்குத் தெரியாதா?"

ஸ்வெட்டர் கையால் அவள் எழுதியதை அழித்தேன். 963 என்று பெரிதாக எழுதி, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து நின்றேன்.

டீச்சர் தயங்கினார். "அட்டையைத் திருப்பிப் பாருங்க சார். பின்னாடி கடைசிக் குறிப்பு இருக்குதுங்க."

திருப்பினேன். 'நான் நான்கைவிடச் சிறியவன்' என்று இருந்தது.

முதலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு எல்லோரும். அவர்கள் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். மகள் சிரிக்கவில்லை. அழிந்துபோன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறி மண்டியில் எலக்ட்ரானிக் தராசில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களைத் தினமும் பார்க்கிறவன் நான். ஒரு பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கத் தோன்றவில்லை.

"இன்னொன்னு போடறீங்களா?" என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் அடுத்த அட்டையை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வாசிங்கப்பா. நான் எழுதறேன்."

இந்த முறை அட்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு வாசித்தேன். "நூறில் ஒன்றாம் இடத்தில் எட்டு. பத்தில் ஒன்றாம் இடத்தில் அதில் பாதி. ஒன்றாம் இடத்தில் ஒன்றுமே இல்லை."

அவள் 0.48 என்று எழுதினாள். "சரிதானுங்களாப்பா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய்விட்டுச் சரி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். டீச்சர் கைதட்டினார்.

மாலையில் மனைவி, "எப்பிடிக் கண்ணு போச்சு?" என்றாள்.

"ஒன்னு தப்பாப் போச்சும்மா. இன்னொன்ன நாங்க சரியாப் போட்டுட்டோம்."

'நாங்க' என்றாள் மகள். வண்டிக்குத் தார்ப்பாய் போடவேண்டும் என்று சொல்லி நான் வெளியே வந்துவிட்டேன்.