காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்டினேன்

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுது. என் மகள் தங்கமணிக்கு அப்போது இரண்டரை வயது. என் மடியில் கிடந்த குழந்தை திடீரென்று விறைத்தாள். கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. கூப்பிட்டுப் பார்த்தேன், காதில் விழவில்லை. எழுபத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம் நடந்தது இது.

மாரியாத்தாளை நம்பிக் கும்பிடுகிற சொந்தங்களே, நான் பேசிப் பழகியவன் இல்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கடலைக்காடு வைத்துப் பிழைப்பவன். எனக்கு முன்கோபம் அதிகம், அது ஊருக்கே தெரியும். ஆனால் ஆத்தாள் எனக்குச் செய்ததை நான் வாய் திறந்து சொல்லாவிட்டால் என்னைவிட நன்றி கெட்டவன் எவனும் இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. நானும் என் மனைவி சரசுவும் ஏறி இறங்காத கோவில் இல்லை. கடைசியில் எங்கள் ஊர் மாரியம்மனிடம்தான் வேண்டிக்கொண்டோம். பெண் பிறந்தாள். 'குழந்தை நடந்து, ஓடி, பேச ஆரம்பித்ததும் உனக்குப் பூவோடு எடுக்கிறேன் தாயே' என்று நான் நேர்ந்திருந்தேன். பூவோடு என்றால் நெருப்புக் கனலும் மண்சட்டியைக் கையில் ஏந்திக் கோவிலைச் சுற்றி வருவது. அந்த வருஷத் திருவிழாவில், எங்கள் பேச்சில் நோம்பியில், அதை நிறைவேற்றுவதாக முடிவு செய்து, செவ்வாய்க்கிழமை நோம்பி தொடங்குகிற அடையாளமாகக் கோவில் முன்னால் கம்பம் நட்டபோது நானும் கையில் மஞ்சள் துணிக் காப்புக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கம்பம் நட்டுவிட்டால் அடுத்த வாரம் புதன்கிழமை நோம்பி முடிகிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. காப்புக் கட்டியவன் ஊர் எல்லைக் கல்லையே தாண்டக் கூடாது. இந்தக் கட்டை மீறினால் ஊருக்கே ஆகாது என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மீறின ஒருவனை முன்னொரு வருஷம் நானே நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தங்கமணிக்குக் காய்ச்சல் வந்தது. தொட்டால் கை சுட்டது. சரசு பயந்துவிட்டாள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு பெருமை. கம்பம் நட்டிருக்கும்போது வந்த காய்ச்சல் அல்லவா!

"ஆத்தாதான் நம்ம ஊட்டுக்கு வந்திருக்கா. முத்துப் போட்டதும் காச்ச தானா எறங்கிரும். மருந்து மாத்தரைன்னு எதையும் ஊட்டுக்குள்ள கொண்டு வந்தராதே" என்றேன்.

வாசலில் வேப்பிலை செருகினேன். வீட்டில் தாளிக்கக் கூடாது என்றேன். ஜன்னலைச் சாத்தினேன். பங்குனி வெயிலில் குழந்தைக்குக் கம்பளி வேறு போர்த்தினேன்.

சனிக்கிழமை முழுக்க அம்மை முத்துக்காகக் காத்திருந்தேன். முதுகையும் வயிற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சரசு மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எளநி குடுத்தா துப்பறாளுங்க. தூக்குனா அழுவறா, கீழ போட்டா அழுவ நிக்குது. எங்கயாச்சும் கொழந்த மடியில வேண்டாம்னு அழுவுமுங்களா? பாலக்காட்டுக்குக் கொண்டு போயிரலாமுங்க."

"கம்பம் நட்டிருக்குது. கையில காப்பு இருக்குது. உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். அவள் குழந்தையிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிறு காலையில் தங்கமணி சுருண்டுவிட்டாள். கண்ணைத் திறப்பாள், ஆனால் எங்களைப் பார்க்கமாட்டாள். தலையைப் பின்னால் தள்ளிக்கொண்டே கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒன்றுக்கே போகவில்லை என்று சரசு சொன்னாள். அதற்கும் நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, ஏதாவது மடத்தனமாகத்தான் இருக்கும்.

அன்று உச்சிப்பொழுதில்தான் அந்த இழுப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாளே என்று நான் கரண்டியை வாய்க்குள் விடப் போனேன். சரசு என் கையைத் தட்டிவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. குழந்தை துவண்டு கிடந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து கோவிலுக்கு ஓடினேன்.

பூசாரி மாரப்பன் என்னைவிட வயதில் சின்னவர். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஆத்தாள் தலையில் பூ வைத்தார். அந்தப் பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

'தாயே, நீ கொடுத்த பிள்ளை. உனக்குச் செய்த நேர்த்தியே அவளுக்கு எமனாக வந்து நிற்கிறதே, இது நியாயமா? எல்லை தாண்டிப் போகலாம் என்றால் பூவைக் கொடு. எனக்கு ஒரு வழி காட்டு' என்று அழுதேன். நான் பெரிய மனுஷன், மீசைக்காரன். அன்றைக்குச் சின்னக் குழந்தை மாதிரி அழுதேன்.

பூ விழவில்லை. வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. அசையக்கூட இல்லை.

அப்போது மாரப்பன், "ஏனுங்ணா, அங்க பாருங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கோவிலைத் தாண்டி வண்டித்தடத்தில் சரசு போய்க்கொண்டிருந்தாள். தோளில் குழந்தை. காலில் செருப்பு இல்லை, அந்த வெயிலில். எல்லைக் கல்லைப் பார்த்து வேகமாக நடந்தாள். நான் ஓடிப்போய், "சரசு, நில்லு! கட்டு இருக்குது!" என்றேன்.

அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னாள்: "காப்பு உங்க கையிலதான கட்டியிருக்குதுங்க. என்ற கையில இல்லீங்க. நீங்க கும்பிட்டுட்டு இருங்க. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

கல்யாணமாகி அதுவரை அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. அந்த நிமிஷம் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. வழி காட்டு என்று கேட்டேனே, ஆத்தாள் இதோ காட்டிவிட்டாள்! பூவில் தேடிக்கொண்டிருந்தேன், பதில் என் பெண்டாட்டியின் காலில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

மாரப்பன் பின்னாலேயே ஓடிவந்தார். காப்பைக் கழற்றிவிடவா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கழட்டாதீங்ணா. காப்போடயே போங்க. ஆத்தா உங்ககூட வாரான்னு நெனச்சுக்கங்க. ஊர்ல கேட்டா நான் சொல்லிக்கறேன், மொதல்ல கொழந்தயப் பாருங்க" என்றார். திருநீறு எடுத்துக் குழந்தை நெற்றியில் வைத்தார்.

நான் எல்லைக் கல்லைத் தாண்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கல்லுக்கு அப்பால் தார் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். அன்றைக்கென்று நாங்கள் போய் நின்றதுமே வந்தது. தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நான் சொல்லமாட்டேன். பஸ்ஸில் ஒரு மலையாளத்து அம்மா குழந்தையைத் தொட்டுப் பார்த்து, "அய்யோ, இத்தற துணி எதுக்கு?" என்று நான் போர்த்தியிருந்த கம்பளியை உருவி எடுத்துவிட்டார். ஜன்னல் ஓரத்தையும் எங்களுக்கே விட்டுக்கொடுத்தார்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார். தங்கமணியின் தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினார். கழுத்து வளையவில்லை, தலையோடு முதுகும் சேர்ந்து எழுந்தது. உடனே முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார். நான் கூடாது என்று எழுந்துவிட்டேன். சரசு என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். நீரை எடுத்துப் பார்த்ததில், மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வை நோய் தாக்கியிருக்கிறதாம். ராத்திரி பகல் பாராமல் ஊசி மருந்து ஏறியது.

"ஆத்தா வந்திருக்கான்னு நெனச்சுட்டனுங்க" என்று டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை, மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"அம்மையே ஆனாலும் டாக்டர்கிட்ட காட்டணும். காய்ச்சல் கூடுதல்னு மாத்திரம் பயப்படாதீங்க, குட்டியப் பாருங்க. சூடு இருந்தாலும் குடிக்குது, மூத்திரம் போகுது, அம்மாவப் பாத்தா சிரிக்குதுன்னா நமக்குக் கொஞ்சம் சமயம் உண்டு. குடிக்காம, முழிக்காம, கழுத்து விறைச்சுக் கிடந்தா சமயமே இல்லை. இழுப்பு வந்தா, மூச்சு வாங்கினா அப்பவே புறப்படணும். பச்சைக் குழந்தைன்னா சின்னக் காய்ச்சலுக்கும் ஓடி வரணும். இன்னும் ஒரு நாள் கழிஞ்சிருந்தா எனக்கு ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது" என்றார்.

இதையெல்லாம் சரசு படிக்காமலே பார்த்திருந்தாள். நான் முத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. தங்கமணி அப்படியே கிடந்தாள். புதன்கிழமை விடிந்தது. ஊரில் அன்றைக்குத்தான் பூவோடு. நான் சட்டி ஏந்த வேண்டிய கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'தாயே, உன் வாசலில் நான் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், குழந்தையை விட்டுவிடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெயில் ஏறுகிற நேரம். சரசுதான் முதலில் பார்த்தாள். தங்கமணி கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். நேராக, அடையாளம் தெரிந்து. அப்புறம் என் கையிலிருந்த மஞ்சள் துணியைப் பிடித்து இழுத்து, "அப்பா, தண்ணி" என்றாள்.

அட சாமி! அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன கொடுத்தாலும் தகும். டம்ளர் நிறையக் குடித்தாள். இன்னும் வேண்டும் என்று அழுதாள். அவள் அழுததைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இருபது நாள் கழித்து ஊர் திரும்பினோம். கோவில் முன்னால் ஊர் கூடியது. கட்டு மீறிவிட்டாயே என்று சிலர் கேட்டார்கள். கேட்பார்கள் என்று தெரியும், நானே அப்படிக் கேட்டவன்தானே. எழுந்து கும்பிட்டுச் சொன்னேன்: "நான் பண்ணுனது தப்புத்தானுங்க. போனது தப்பில்லீங்க. மூணு நாள் போகாம உக்காந்திருந்ததுதான் தப்பு." மாரப்பன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அதோடு கூட்டம் கலைந்தது.

அடுத்த வருஷம் கம்பம் நட்டபோது, தப்பட்டை அடித்துக் கட்டுகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர், "காச்சக்காரக் கொழந்தயத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு எல்லையும் இல்ல, கட்டும் இல்ல" என்று சேர்த்துச் சொன்னார். நான் அந்த வருஷம் பூவோடு எடுத்தேன். நெருப்பு சுடவே இல்லை என்றெல்லாம் கதை விடமாட்டேன். சுட்டது. சந்தோஷமாகத் தாங்கிக்கொண்டேன்.

தங்கமணி இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். வாய் ஓயாத பேச்சு. இடது காது மட்டும் கேட்காது. அந்த நோயில் போனது. டீச்சர் பேசுவது கேட்கட்டும் என்று வலது காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி உட்காருகிறாள். ஆத்தாள் எடுத்துக்கொண்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாலாம் நாள் தண்ணீர் கேட்க வைத்தது ஆத்தாள். மூன்று நாள் காக்க வைத்தது நான்.

ஆகவே சொந்தங்களே, நம்புங்கள். முழுசாக நம்புங்கள், அவள் கைவிடமாட்டாள். ஆனால் குழந்தை சுருண்டு கிடக்கும்போது பூ விழட்டும், முத்துப் போடட்டும், நோம்பி முடியட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். என்னைப் பார்த்துப் புத்தி தெளியுங்கள். கோபமும் கம்பளியும் காய்ச்சலுக்கு மருந்து இல்லை.

போன நோம்பியில் எங்கள் தெருப் பையன் ஒருவன், தன் மூன்று மாதக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று கோவிலுக்கு ஓடிவந்தான். பூக் கேட்க வேண்டும் என்றான். வாசலில் நின்ற சரசு வழியை மறித்துக்கொண்டாள்.

"தம்பி, ஆத்தா இங்கயும் இருப்பா, ஆஸ்பத்திரியிலயும் இருப்பா. கும்புட்டுக்கிட்டே நட. நானும் கூட வாரேன்."

அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு, குழந்தையோடு மூன்று பேரும் பகல் பஸ்ஸுக்குப் போனார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று மறுநாள் சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். வீணாகப் போய் வந்தீர்களே என்று ஊரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.