லாரிக்குள் ஒரு குளிர்பெட்டி

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்தப் பெண்ணுக்குத் 'திருப்புளி' என்று பெயர் வைத்தது அவள் நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் யாரையும் கேட்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வீட்டு மிக்சியைக் கழற்றிப் போட்டுவிட்டாள் என்ற கோபம். மிக்சி ஓடியது, பெயரும் ஒட்டிக்கொண்டது. கடைப் பலகையிலும் அதையே எழுதிவிட்டாள்.

அவள் கணவர் தொலைதூர லாரி ஓட்டுபவர். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர். ஒரு கோடையில் பாதி வழியிலேயே நாக்கு வறண்டு, கண் மங்கி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திருப்புளி பஸ் பிடித்து ஓடினாள்.

"ஒரு வேளைகூட ஊசியை விடலை டாக்டர்!" என்றார் கணவர்.

"விட்டிருக்க மாட்டீங்க. மருந்துதான் சூட்டுல கெட்டுப்போயிருக்கும். பார்த்தா தெரியாது."

மருந்து இருந்தது லாரியில், ஸ்டீயரிங் பக்கத்துச் சின்ன அறையில். திருப்புளி லாரி நின்ற இடத்துக்குப் போய் அதற்குள் கையை விட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. பிளாஸ்க்கில் ஐஸ் போட்டும் பார்த்திருந்தார். மதியத்துக்குள் வெறும் தண்ணீர்.

வீடு திரும்பியதும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டியை விட்டுடறேன். குடோன்ல ஏதாவது வேலை பார்த்துக்கறேன்."

"குடோன்ல ஒரு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டீங்க. மருந்துக்கு நான் ஒரு ஃபிரிட்ஜ் பண்ணித் தரேன்."

"கேபின்ல எனக்கே கால் நீட்ட இடமில்லை."

"டிபன் பாக்ஸ் அளவு போதுங்க."

அவள் நினைத்தது பெல்டியர் தகட்டை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை அது. மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத தண்ணீர் கூலர் ஒன்றில் அது இருந்தது. அவசரத்தில் தகட்டை மட்டும் எடுத்து மின்சாரம் கொடுத்தாள். ஒரு நொடி சில்லென்றது. அப்புறம் இரண்டு பக்கமும் கொதித்துத் தகடு செத்துப்போனது.

எட்டிப் பார்த்த நாத்தனார், "ஃபிரிட்ஜ் பண்றேன்னு இஸ்திரிப்பெட்டி பண்ணியிருக்கியே!" என்றாள்.

திருப்புளிக்கே சிரிப்பு வந்தது. தப்பு எங்கே என்றும் புரிந்துவிட்டது. தகடு உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய சூட்டை யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டாமா? புதுத் தகடு வாங்கினாள். அதன் சூடான முதுகில், பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பெரிய அலுமினியத் துண்டையும் மின்விசிறியையும் பசை தடவி இறுக்கினாள். சுற்றிலும் கனமான தெர்மாகோல். மூடியில் காற்றுப் புகாமலிருக்க நாத்தனாரே பழைய குக்கர் கேஸ்கட்டை வெட்டிக் கொடுத்தாள். மருந்து உறைந்துவிடாமல் தானாக நிறுத்தும் சுவிட்சும், லாரி பேட்டரி இறங்கினால் துண்டித்துவிடும் சுவிட்சும் வைத்தாள். வீட்டில் பெட்டி சொன்னபடி கேட்டது.

லாரியில் கேட்கவில்லை. உச்சி வெயிலில் அவளும் கூடவே ஏறி உட்கார்ந்து தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கிய எண் மறுபடி ஏறத் தொடங்கியது.

"போகட்டும் விடு. உன்னால முடிஞ்சதைப் பண்ணிட்டே," என்றார் அவர்.

"முதல்ல வண்டியை நிறுத்துங்க."

பெட்டியின் பின்னால் கைவைத்தாள். மின்விசிறி சீட்டை ஒட்டியிருந்தது. வெளியே வந்த சூடு போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திருப்பி வைத்து, அடியில் பாட்டில் மூடிகளை ஒட்டிக் கால் கொடுத்தாள். மறுபடி கிளம்பினார்கள். கேபின் வெந்துகொண்டிருக்க, பெட்டிக்குள் எண் இருபது டிகிரிக்குச் சற்று மேலே வந்து நின்றது. பயன்பாட்டில் இருக்கும் மருந்துக்கு அது போதும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கணவர் ஒரு தடவை ஹாரனை நீளமாக அடித்தார். முன்னால் வண்டியே இல்லை.

அடுத்த நீண்ட பயணம் முடிந்து வந்தபோது சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. லாரி நிறுத்தத்தில் செய்தி பரவி, மருந்து வைத்திருக்கும் டிரைவர்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். கூல்டிரிங்ஸ் வைக்க ஒன்று கேட்டவரை மட்டும், "இது மருந்துக்கு மட்டும்தான். அதுக்கு வேற ஆளைப் பாருங்கண்ணே," என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு நாள் வழியிலிருந்து கணவர் போன் செய்தார்.

"மருந்தெல்லாம் ஜோரா இருக்கு. ஆனா அந்த விசிறிச் சத்தத்துல தூக்கமே வரலைடி."

"சத்தம் நின்னாதாங்க நீங்க முழிச்சுக்கணும். அது வரைக்கும் தைரியமாத் தூங்குங்க," என்றாள் திருப்புளி.